எந்தப் பதிப்பை ஏற்பது?
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேச இம்மேடையில் அறிஞர் பலர் இருக்கின்றனர். நமக்கு அளிக்கப்பெற்ற பொருளோ மிகச் சிறியது. கேட்டவுடன் சிலர் நகைக்கவும் கூடும். நம் சங்கப் படிப்பகத்திலுள்ள பதினோரு கணினிகளில் எந்த இயங்குதளத்தின் எந்தப் பதிப்பை நிறுவுவது என்பதே அது. சென்ற செயற்குழுக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் வாதிட்டும் முடிவு காணாமல் எழுந்துபோன பொருள் இது என்பதை உறுப்பினர்கள் அறிவர். பி.ஏ.யில் வரலாறு படித்தவருக்குக் கணினியில் என்ன வேலை என்று ஓர் இளைஞர் கேட்டாராம். அரசுப் பள்ளியில் மின்விசிறி நின்றாலும் கணினி நின்றாலும் முதலில் அழைக்கப்படுபவர் தலைமையாசிரியரே என்பது அவருக்குத் தெரியாது போலும்!

இயங்குதளம் என்பது யாது? ஒரு பள்ளியை எண்ணிப் பாருங்கள். வகுப்பறைகள் உண்டு, ஆசிரியர்கள் உண்டு, மாணவர்களும் உண்டு. எனினும் கால அட்டவணை இல்லையேல், மணி அடிப்பார் இல்லையேல், எந்த அறையில் எவர் என்னும் ஒழுங்கு இல்லையேல், அது பள்ளி ஆகாது, சந்தை ஆகும். கணினியின் நினைவகம், ஹார்டு டிஸ்க், திரை, விசைப்பலகை, பிரிண்டர் ஆகியவற்றை நாம் இடும் பணிகளோடு இணைத்து ஒழுங்கு செய்யும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். விண்டோஸ் என்பது ஓர் இயங்குதளம். லினக்ஸ் என்பது மற்றொன்று. ஒவ்வொன்றும் காலந்தோறும் புதிய பதிப்பாக வெளிவருகின்றது. பழைய பதிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்வு பெறுகின்றன.

நம் படிப்பகத்தில் இதுகாறும் இருந்துவரும் விண்டோஸ் 10 பதிப்புக்கு அதன் நிறுவனமாகிய மைக்ரோசாப்ட் அளித்துவந்த இலவச ஆதரவு 14-10-2025 அன்று முடிவுற்றது. தனிப்பட்ட பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 13-10-2026 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் கிடைக்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. அது தவணை நீட்டிப்பே அன்றித் தீர்வு ஆகாது. ஆதரவு முடிந்தது என்றால் கணினி நின்றுவிடும் என்று பொருளில்லை. "முன்போலத்தானே ஓடுகிறது! ஏன் தொடவேண்டும்?" என்று பெரியவர்கள் சிலர் கேட்டதும் இதனாலேயே. ஓடுவது உண்மை. ஆனால் அதன்பின் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை. கண்மாய்க் கரையில் நண்டு வளை தோன்றினால் அன்றே அடைக்கவேண்டும் என்பதை நம் ஊராருக்குக் கூறவேண்டுவதில்லை.

2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. கணினியிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்பதற்குப் பணம் கேட்டது அது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளுக்கு முன்பே குறித்த சிகிச்சைகளும் தள்ளிவைக்கப்பட்டன. அவ்வோட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச்சு மாதமே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவை பெரும்பாலும் அத்திருத்தத்தை ஏற்காதிருந்த கணினிகள். நம் படிப்பகக் கணினிகளில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றின் படிகள் இருக்கின்றன. கல்வி உதவித்தொகைக்கு இணையவழியே விண்ணப்பிக்கும் இக்காலத்தில், அவை களவு போவதும் பூட்டப்படுவதும் ஒரு மாணவரின் ஓராண்டுப் படிப்பைக் குலைக்கப் போதுமானவை.

ஆகவே தொடாமல் இருத்தல் இயலாது. எனில் புதியதற்கு உடனே தாவலாமா? இளைஞர் அணியின் கருத்து அதுவே. விண்டோஸ் 11-ஐ எல்லாக் கணினிகளிலும் நிறுவிவிடலாம் என்கின்றனர். இங்கேதான் நாம் சற்று நிற்கவேண்டியிருக்கிறது.

2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, தனக்கு இன்னின்ன வன்பொருள் வேண்டும் என்று வரையறுத்துள்ளது. 64 பிட் செயலி, குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவற்றோடு, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் இருத்தல் வேண்டும். செயலியும் அந்நிறுவனத்தின் பட்டியலில் உள்ளதாக இருக்கவேண்டும். இன்டெல் செயலியாயின் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் மட்டுமே. இந்நிபந்தனைகளை ஏமாற்றி உள்ளே புகுத்தும் தந்திரங்கள் உண்டு என்பதை நாமும் அறிவோம். நம் தோழர் ஒருவர் அவ்வாறே ஒன்றில் நிறுவியும் காட்டினார், ஓடியது. ஆனால் தகுதியற்ற கணினிக்குத் தொடர்ந்து திருத்தங்கள் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை என்று அந்நிறுவனமே கூறுகின்றது. திருத்தம் வேண்டும் என்பதற்காகவே வீடு மாறுகிறோம். மாறிய வீட்டிலும் அது இல்லையெனில் மாறியதன் பயன் என்ன?

புதியது என்பதற்காகவே ஏற்று இடர்ப்பட்ட வரலாறும் உண்டு. 2007 சனவரியில் விண்டோஸ் விஸ்டா பொதுமக்களுக்கு வந்தது. அதன் தேவைக்கு அன்றைய கணினிகள் பலவற்றின் நினைவகம் போதவில்லை. பழைய பிரிண்டர்களுக்கும் பிற கருவிகளுக்கும் அப்பதிப்புக்கேற்ற டிரைவர்கள் ஆயத்தமாக இல்லை. டிரைவர் என்பது, கருவிக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் சிறு நிரல்; அது இல்லாத இடத்தில் நல்ல பிரிண்டரும் வெறும் பெட்டியே. 2001-இல் வந்த எக்ஸ்பி பதிப்புக்கே திரும்பியோர் அன்று பலர். அந்த எக்ஸ்பிக்கும் 8-4-2014 அன்று ஆதரவு முடிந்தபோது, தமிழ்நாடு அரசு தன் அலுவலகக் கணினிகளில் 'பாஸ்' லினக்ஸை நிறுவிக்கொள்ளுமாறு துறைகளுக்கு அறிவுறுத்தியது. இன்று நம் சங்கத்தின் முன் உள்ள கேள்வி அன்று அரசின் முன்பே நின்ற கேள்விதான்.

பாஸ் என்பதைப் பலர் அறிந்திருப்பீர்கள். நடுவண் அரசின் சிடாக் நிறுவனம் டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007-இல் வெளியிட்டது அது. அண்ணா பிறந்த நாளாகிய 15-9-2011 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸும் பாஸும் இரண்டும் இருந்தன. நம் வீட்டுப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அந்த இரண்டாவது கதவைத் திறந்து பார்த்தனர்? கைதூக்கச் சொல்லிச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

லினக்ஸ் என்றாலும் அங்கும் பதிப்புத் தேர்வு உண்டு. சொல்லப்போனால் அங்கேதான் அது மிகுதி. 1993-இல் தோன்றிய டெபியனில் மூன்று நிலைகள் உள்ளன: நிலையானது, சோதனையில் உள்ளது, நிலையற்றது. பல மாதங்கள் பலர் சோதித்துப் பிழை நீக்கிய பின்னரே ஒரு பதிப்பு நிலையானது என்னும் பெயரைப் பெறும். பதிப்புகளுக்கெல்லாம் 'டாய் ஸ்டோரி' என்னும் குழந்தைகள் படத்துப் பாத்திரங்களின் பெயரை இட்டுள்ளனர். நிலையற்றதற்கு நிலையான பெயர் 'சிட்'. படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுச் சிறுவன் அவன்! உபுண்டு என்னும் தொகுப்போ ஆறு மாதத்திற்கு ஒருமுறை பதிப்பு வெளியிடுகின்றது. அவற்றுள் இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வருவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. ஐந்தாண்டுகள் திருத்தம் கிடைக்கும். இடையில் வருபவற்றுக்கு ஒன்பது மாதமே. புதுமை விரும்பும் தனியொருவர் ஒன்பது மாதப் பதிப்பை ஏற்றுக்கொள்ளட்டும். முப்பது பிள்ளைகள் முறைவைத்து அமரும் படிப்பகத்திற்கு அது ஆகாது.

அங்ஙனமாயின் எப்போதும் பழைய, நிலைத்த பதிப்பையே கொள்ளலாமா என்றால், அதுவும் முழு விடை ஆகாது. சென்ற ஆண்டு வாங்கிய மடிக்கணினியில் ஐந்தாண்டுக்கு முற்பட்ட லினக்ஸ் பதிப்பை நிறுவினால், அதன் வைஃபை அட்டையை அப்பதிப்பு அறியாமலே போகலாம்; அது வெளிவந்த நாளில் அந்த அட்டையே பிறக்கவில்லை. மறுபுறம், மிகப் பழைய கணினியைப் புதிய பதிப்பு கைவிட்டிருக்கலாம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவும் தொகுப்பு நீக்கப்பட்டது. 2023-இல் வந்த டெபியன் 12 வரை அது இருந்தது. ஆகவே கணினியின் வயதையும் பதிப்பின் வயதையும் ஒட்ட வைத்துப் பார்த்தல் வேண்டும். சாதகப் பொருத்தத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை என்பது நீங்கள் அறிந்ததே. ஆயினும் இந்தப் பொருத்தம் பார்க்காமல் மணம் முடித்தால் வழக்கு நிச்சயம்.

பொருத்தம் பார்க்கும் முறை எளிது. லினக்ஸ் பதிப்புகளைப் பென்டிரைவில் ஏற்றி, ஹார்டு டிஸ்கைத் தொடாமலே கணினியை அதிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். திரை தெளிவாக வருகிறதா, ஒலி வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். பிரிண்டரை நாம் அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. சில பிரிண்டர்கள் எந்த இயங்குதளத்தோடும் ஒத்துப்போகும். சிலவோ நிறுவனம் தரும் தனி டிரைவர் இன்றி ஒரு வரியும் அச்சிடா. நம் மாணவி ஒருவர் உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முன்னாள் ஒரு கணினி மையத்துக்குச் சென்றார். அன்று காலைதான் அங்கே புதிய பதிப்பு ஏற்றியிருந்தனர். பிரிண்டர் அடையாளம் காணப்படவில்லை. வேறு மையம் தேடி அலைந்து, இரவு ஒன்பது மணிக்குக் காரைக்குடியில் அச்செடுத்து, மறுநாள் கல்லூரியில் கொடுத்துத் தப்பினார். பேருந்துச் செலவுக்கு அவர் தாயார் பக்கத்து வீட்டில் கடன் பெற்றதை நாம் பின்னரே அறிந்தோம். பதிப்பு மாற்றத்தை விண்ணப்பக் காலத்தில் செய்யலாகாது என்று நாம் சொல்வது இதனால்தான். கோடை விடுமுறையில் செய்க. அதிலும் முதலில் ஒரு கணினியில் மட்டும் செய்து ஒரு மாதம் பழகிப் பார்க்க. புதிய நெல் விதையை நம் மானாவாரி விவசாயி முதலாண்டே முழு நிலத்திலும் விதைப்பதில்லை.

இனி, செயற்குழுவில் எழுந்த ஒரு குரலைப் பற்றிப் பேசியாகவேண்டும். தாய்மார் ஒருவர் எழுந்து, "ஊரில் எல்லார் பிள்ளைகளும் விண்டோஸில் படிக்கும்போது, நம் பிள்ளைக்கு மட்டும் காசில்லாமல் வருவதைக் கொடுப்பதா?" என்று கேட்டார்கள். கூட்டம் அமைதியாயிற்று. பிறர் கழித்ததையே பெற்றுப் பழக்கப்படுத்தப்பட்ட மக்களுக்கு இந்த ஐயம் எழுவது இயற்கை, எழவும் வேண்டும். அதற்கு விடை கூறாமல் எந்தப் பதிப்பையும் நிறுவ நமக்கு உரிமையில்லை.

உலகின் மிக விரைவான ஐந்நூறு கணினிகளின் பட்டியலில், 2017 நவம்பர் முதல் ஐந்நூறும் லினக்ஸில் இயங்குபவையே. உங்கள் கையிலுள்ள ஆண்டிராய்டு பேசியின் உட்கருவும் லினக்ஸ்தான். அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 'கைட்' என்னும் அரசு நிறுவனம், உபுண்டு 18.04-ஐயும் பின்னர் 22.04-ஐயும் அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கெனவே தொகுப்பு அமைத்தது. அவ்விரண்டும் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் என்பதைக் கவனிக்க. அங்கே செல்வர் வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் அரசுப் பள்ளியில் அதிலேயே பயின்றனர். நம் மாநிலத்திலும், 2018-இல் வந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் விண்டோஸோடு உபுண்டுவையும் கற்பித்தது. விலையில்லாதது ஆகையால் தாழ்ந்தது என்னும் எண்ணத்தை இவ்விடத்தில் விடலாம்.

எனினும் அந்தத் தாயாரின் கேள்வியில் ஒரு பாதி உண்மை என்பதை மறுக்கமாட்டோம். அலுவலக வேலைக்குப் போகும் பிள்ளை அங்கே பெரும்பாலும் விண்டோஸையும் எம்.எஸ். ஆபீஸையுமே காண்பார். கணினி வழி அலுவலகப் பயிற்சித் தேர்வு எழுதுவோருக்கும் அப்பழக்கம் வேண்டும். லிப்ரே ஆபீஸில் கடிதமும் கணக்கும் செய்யலாம். ஆயினும் பட்டியலில் பொத்தான் இருக்கும் இடம் வேறு. தேர்வு அறையில் அதைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. ஆகவே இரண்டும் அறிந்த பிள்ளையாக வளர்ப்பதே நம் கடமை.

கடையில் முந்நூறு ரூபாய் கொடுத்தால் எந்த விண்டோஸும் ஏற்றித் தருவார்களே என்று ஒருவர் சொன்னார். அது கள்ளப் படி. அதைத் திறக்கப் பயன்படுத்தும் நிரல்களில் தீநிரல் மறைந்து வருவது வழக்கம். அது சட்டத்திற்கும் புறம்பானது. இதற்குமேல் அதைப்பற்றிப் பேச விரும்பவில்லை.

இனி நம் பதினோரு கணினிகளுக்கு வருவோம். சென்ற மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் இளைஞர்கள் நால்வருடன் அமர்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். விண்டோஸ் 11-க்குத் தகுதி உடையவை மூன்று. 64 பிட் செயலியும் 4 ஜிபி நினைவகமும் இருந்தும் டிபிஎம் 2.0 இல்லாதவை ஆறு. பழைய மாணவர்கள் படிப்பு முடிந்து நமக்கு வழங்கிய மடிக்கணினிகள் இவற்றுள் அடங்கும். எஞ்சிய இரண்டு மேசைக் கணினிகள் 32 பிட், 2 ஜிபி.

மூன்றிலும் விண்டோஸ் 11 இருக்கட்டும். தேர்வு எழுதுவோருக்கு அவை முன்னுரிமை. ஆறிலும் லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவலாம் என்பது நம் பரிந்துரை. அது உபுண்டு 24.04 மீது அமைந்தது. 2029 வரை திருத்தம் உண்டு. சிறிய நினைவகத்திலும் தடுமாறாமல் ஓடக் கண்டோம். பாஸையும் சோதித்தோம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஐயம் எழுந்தால் கேட்டுத் தெளிய மின்ட், உபுண்டு பயனர்கள் மிகுதியாகக் கிடைக்கின்றனர் என்பதால் இதைத் தேர்ந்தோம். ஆறிலும் ஒரே பதிப்பு இருத்தல் வேண்டும் என்பதில் மட்டும் நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஒன்றில் கற்ற தீர்வு மற்ற ஐந்துக்கும் உதவும்; ஆளுக்கொரு சுவையில் ஆறு வகை நிறுவினால் பழுது பார்ப்பவர் பைத்தியம் பிடித்து ஓடுவார். மேசைக் கணினிகள் இரண்டிலும் டெபியன் 12-ஐ ஏற்றி, இணைய இணைப்பைத் துண்டித்து, தட்டச்சுப் பழக விடுவோம். அவற்றின் காலம் முடிந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தமிழ் தட்டச்சு பற்றிக் கேட்பீர்கள். 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாக வந்த தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் உள்ளது. அமைப்பில் ஒருமுறை தேர்ந்துகொண்டால் போதும். வேறொரு வேலைதான் பெரிது. நம் சங்கத்தின் பழைய தீர்மானங்களும் உறுப்பினர் பட்டியலும் யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில் கிடக்கின்றன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தோன்றும். பதிப்பு மாற்றுமுன் அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, இரண்டு தனித்தனி இடங்களில் படியெடுத்து வைத்தாகவேண்டும். இருபத்தைந்து ஆண்டு உழைப்பின் சான்று அது. ஹார்டு டிஸ்கை அழித்தபின் எவரை நொந்து என்ன பயன்?

புதிய கணினிகள் வாங்க விழா நிதியில் ஒதுக்கிய தொகையைப் பற்றிப் பொருளாளர் கேட்டிருந்தார். இவ்வாண்டு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். ஆறு கணினிகளுக்கும் பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவோம். எந்தப் பதிப்பானாலும் அதனால் வரும் விரைவு கண்கூடு. எஞ்சியதை இவ்வாண்டு கல்லூரியில் சேரும் முதல் தலைமுறைப் பிள்ளைகளின் விடுதிக் கட்டணத்திற்குத் திருப்புமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். இது நம் வேண்டுகோள் மட்டுமே, முடிவு உங்களுடையது.

வருகின்ற ஞாயிறு காலை பத்து மணிக்குப் படிப்பகம் திறந்திருக்கும். முதல் மடிக்கணினியில் நிறுவும் பணியை அன்று தொடங்குகிறோம். வர விரும்பும் இளைஞர்கள் 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவ் ஒன்று கொண்டு வருக. அதிலுள்ள படங்களை வேறிடத்தில் சேமித்துவிட்டு வருக, அழிந்துபோகும். செயற்குழுவில் கேள்வி கேட்ட தாயார் அவர்களும் அன்று வந்து, முதலில் அமர்ந்து, இயக்கிப் பார்த்துச் சொல்லவேண்டும் என்று கேட்டிருக்கிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.